வாழைக்கு விதை எங்கே?
நடும் பொருளை அறிந்து நடுங்கள்

உழவர் நாள் விழாக்களில் கண்காட்சிப் பந்தலுக்குள் கேட்கப்படும் கேள்விகளைவிட, அது முடிந்தபின் வெளியே மரநிழலில் கேட்கப்படும் கேள்விகளே பெரும்பாலும் சிறந்தவையாக இருக்கும். அப்படி ஒரு நாள் வயதான வாழை விவசாயி ஒருவர் பூவன் பழம் ஒன்றை உரித்து, இரண்டாக ஒடித்து, நடுவில் இருந்த கறுப்புப் பொட்டுகளைக் காட்டினார். "ஐயா, இது விதைதானே? இதைப் போட்டு முளைக்க வைத்துவிட்டால் கன்று வாங்கும் செலவு மிச்சம். கன்றோடு நோயும் வருகிறது என்று நீங்களே சொல்லுகிறீர்கள். அப்புறம் எதற்காகக் கன்றையே கட்டிக்கொண்டு அழ வேண்டும்?" என்று கேட்டார்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அது சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல. செடி தன் இனத்தை எப்படிப் பெருக்குகிறது, அதற்காகத் தன் உறுப்புகளை எப்படி மாற்றி அமைத்துக்கொள்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கின்றன. அவருக்கு அன்று சொன்ன பதிலை இங்கே சற்று விரிவாகத் தருகிறோம்.

பழத்துக்குள் இருக்கும் பொட்டு

அந்தக் கறுப்புப் பொட்டு விதையாக வேண்டியது. ஆனால் ஆகாமல் நின்றுபோனது. பூவின் சூற்பையில் உள்ள சூல்களில் மகரந்தம் சேர்ந்து கரு உண்டானால்தான் அவை விதையாகும். வாழையில் அது நடப்பதில்லை. கரு உண்டாகாமலேயே சூற்பை பருத்துப் பழமாகிவிடுகிறது. உள்ளே இருந்த சூல்கள் சுருங்கிக் கறுப்புப் பொட்டுகளாகத் தங்கிவிடுகின்றன.

காட்டு வாழை இப்படிப்பட்டதல்ல. அதன் பழத்தைக் கடித்தால் மிளகைவிடப் பெரியதாய், கல்லைப்போல் கடினமாய்க் கறுப்பு விதைகள் பல்லில் இடறும். சதை கொஞ்சம், விதையே அதிகம். வௌவாலும் பறவையும் மகரந்தம் சேர்க்க, விதையாலேயே அந்த வாழை காட்டில் பரவுகிறது. நம் தோட்டத்து வாழைகள் எல்லாம் மூசா அக்குமினேட்டா, மூசா பால்பிசியானா என்ற இரண்டு காட்டு இனங்களின் வழிவந்தவையே. விதை குறைந்து சதை மிகுந்த மரங்களை முன்னோர்கள் தேடிப் பிடித்து, அவற்றின் கன்றுகளைப் பெயர்த்து நட்டுப் பாதுகாத்ததால் வந்தவை இவை.

அப்படி வந்த வகைகளில் விதை ஏன் பிடிப்பதில்லை? உயிரணு ஒவ்வொன்றிலும் குரோமோசோம் எனப்படும் இனக்கீற்றுகள் உண்டு. காட்டு வாழையில் 11 இனக்கீற்றுகள் கொண்ட தொகுதி இரண்டு இருக்கும், ஆக 22. மகரந்தமும் சூலும் உருவாகும்போது இவை சரிபாதியாகப் பிரிந்து 11, 11 ஆகும். ஆனால் பூவன், ரஸ்தாளி, நேந்திரன், மொந்தன், கற்பூரவள்ளி, ரொபஸ்டா ஆகியவற்றில் தொகுதிகள் மூன்று, ஆக 33. மூன்றை இரண்டு பேருக்குச் சரியாகப் பங்கிட முடியாதல்லவா? பங்கீடு குழம்பிப்போவதால் மகரந்தமும் சூலும் வலுவற்றுப் போகின்றன. நெய்ப்பூவனுக்கு இரண்டே தொகுதிகள்தாம். ஆனால் ஒன்று ஓர் இனத்திலிருந்தும் மற்றது வேறோர் இனத்திலிருந்தும் வந்தமையால் அங்கும் விதை பிடிப்பது அரிது.

ஆகவே அந்தப் பெரியவருக்கு எங்கள் முதல் பதில்: அந்தப் பொட்டை எத்தனை நாள் மண்ணில் போட்டு நீர் தெளித்தாலும் முளைக்காது. வாழைக்குக் கன்றுதான் வழி.

வாழைமரத்தின் தண்டு எது?

கன்றைச் சரியாகத் தேர்ந்தெடுக்க, வாழையின் உடலமைப்பை முதலில் அறிய வேண்டும். நாம் தண்டு என்று சொல்லுகிற, தரைக்கு மேலே உருண்டு நிற்கும் பாகம் உண்மையில் தண்டே அல்ல. அது இலைகளின் அடிப்பாகங்கள் ஒன்றையொன்று இறுகச் சுற்றி உண்டான பொய்த்தண்டு. ஒவ்வொரு மட்டையாக உரித்துக்கொண்டே போனால் இது விளங்கும். உண்மையான தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. அதன் உச்சியில் உள்ள குருத்தே இலை இலையாக வெளியே அனுப்புகிறது. வயது வந்ததும் அதே குருத்து பூங்கொத்தாக மாறி, பொய்த்தண்டின் நடுவே ஏறி வந்து மேலே தாராகத் தள்ளுகிறது. நாம் பொரியல் செய்து சாப்பிடும் வாழைத்தண்டு, அப்படி ஏறி வந்த காம்புதான். குருத்தே பூவாகிவிட்டபடியால், தார் வெட்டியபின் அந்த மரத்துக்கு வாழ்வு இல்லை. கிழங்கின் பக்கவாட்டில் உள்ள பருக்கள் கன்றுகளாக எழுந்து குலத்தைத் தொடர்கின்றன.

இந்தக் கன்றுகளில் இரண்டு விதம் உண்டு. ஒன்று ஈட்டிக் கன்று. அடிபருத்து, மேலே போகப்போகக் குறுகி, இலைகள் வாள்போல ஒடுங்கி இருக்கும். மற்றது நீர்க் கன்று. அடிசிறுத்து, சின்ன வயதிலேயே அகன்ற இலைகளோடு பார்வைக்குப் பசுமையாக நிற்கும். சந்தையில் விவரம் அறியாதவர் கண்ணுக்கு நீர்க் கன்றே அழகாகத் தெரியும். அதனால் ஏமாந்தவர்கள் பலர்.

ஈட்டிக் கன்று தாய்க்கிழங்கின் ஆழத்திலிருந்து, அதனோடு கெட்டியாக ஒட்டிக்கொண்டு வருகிறது. தாய் ஊட்டுவதால் அதற்கு அகன்ற இலை தேவையில்லை. வருகிற உணவை எல்லாம் தன் கிழங்கில் சேர்த்துக்கொள்கிறது. நீர்க் கன்று மேலாக எழுந்தது. தாயோடு அதன் பிடிப்பு மெலிந்தது. தன் உணவைத் தானே தேடிக்கொள்ள வேண்டியிருப்பதால் அவசரமாக இலையை விரிக்கிறது. கிழங்கில் சேமிப்பு இல்லை. நட்டால் பிழைக்கும், ஆனால் தார் தள்ள நாளாகும், தாரும் சிறுத்துவிடும். எனவே இலையைப் பார்க்காதீர்கள், அடிக்கிழங்கைப் பாருங்கள். சுமார் மூன்று மாத வயதும் ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடையும் உள்ள ஈட்டிக் கன்றே நடவுக்கு ஏற்றது. எடையில் ஒத்தவற்றை ஒரே பாத்தியில் நடுவது நல்லது. தோட்டம் ஒரே சமயத்தில் தார் தள்ளும், விற்பனையும் சுலபமாகும்.

மண்ணுக்குள் இருப்பதெல்லாம் வேர் அல்ல

வாழைக்கிழங்கு தண்டு என்றால் மற்றக் கிழங்குகள்? இதில் பலருக்குக் குழப்பம் உண்டு. ஓர் எளிய அடையாளம் சொல்லுகிறோம். கணுவும், கணுவில் பருவும், அதை மூடிய செதிலும் இருந்தால் அது தண்டு. இவை இல்லாவிட்டால் வேர். தண்டானால் பருவிலிருந்து புதுச் செடி வரும். வேரானால், சில விலக்குகள் தவிர, வராது.

உருளைக்கிழங்கில் கண் கண்ணாகத் தெரிவது பருக்கள், அது தண்டு. மஞ்சளிலும் இஞ்சியிலும் வளையம் வளையமாகக் கணுக்கள் தெரியும், அவையும் தண்டுகளே. மஞ்சள் பூக்கும், ஆனால் வாழையைப் போலவே அதற்கும் மூன்று தொகுதி இனக்கீற்றுகள் என்பதால் விதையை நம்பிப் பயிர் செய்ய முடியாது. குண்டு மஞ்சளானாலும் விரலி மஞ்சளானாலும் பரு சிதையாததாகப் பார்த்து நடுகிறோம். சேனையில் நடுவே ஒரே பெரிய பரு குழிந்து இருக்கிறது. விதைக்குத் துண்டு போடும்போது, ஆரஞ்சுச் சுளை போல ஒவ்வொரு துண்டிலும் அந்த நடுப்பருவின் ஒரு பங்கு சேரும்படி மேலிருந்து கீழாக வெட்ட வேண்டும். குறுக்கே வெட்டினால் அடிப்பாதி பரு இல்லாமல் வீணாகிவிடும்.

மரவள்ளிக் கிழங்கு வேர். அதில் கணுவும் இல்லை, பருவும் இல்லை. எனவேதான் கிழங்கை விற்றுவிட்டுக் குச்சியை நடுகிறோம். சர்க்கரைவள்ளியும் வேர்தான், ஆனால் அது முன்னே சொன்ன விலக்குகளில் ஒன்று. ஈர மணலில் புதைத்தால் வேரிலேயே புதிதாகப் பருக்களை உண்டாக்கித் துளிர்க்கும். ஆகவே அதை நாற்றங்காலில் வைத்துக் கொடி எடுத்து, கொடித்துண்டுகளை வயலில் நடுகிறோம்.

வெங்காயம் தண்டும் அல்ல, வேரும் அல்ல; இலை! அடியில் தட்டையாக இருக்கும் வில்லையே தண்டு. அதன்மேல் அடுக்கடுக்காக இருப்பவை, உணவைச் சேர்த்துத் தடித்துப்போன இலையின் அடிப்பாகங்கள். சின்ன வெங்காயத்தில் அந்த வில்லையில் பல பருக்கள் இருப்பதால் ஒன்றை நட்டால் கொத்தாக வருகிறது. விதை வெங்காயத்தின் அடி வில்லை அழுகியிருந்தால், மேலே எத்தனை பளபளப்பாக இருந்தாலும் தள்ளிவிடுங்கள்.

வெட்டி நடும் பாகத்தைப் பொறுத்துச் செடியின் உருவமே மாறிவிடுவதும் உண்டு. மிளகில், கொடியின் அடியிலிருந்து தரையோடு ஓடும் ஓடுகொடியை வெட்டி நட்டால் அது மரமேறும் கொடியாகும். காய்க்கும் பக்கக் கிளையை வெட்டி நட்டால் ஏறவே ஏறாது. புதராக நின்று காய்க்கும். புதர்மிளகு என்று தொட்டியில் வளர்த்து விற்பது இதைத்தான். இரண்டும் ஒரே கொடியின் பாகங்களே.

கோரையைப் பற்றியும் ஒரு வார்த்தை

நமக்குப் பயன்படும் இதே திறமை களைக்கும் உண்டு. "கோரையைக் கொத்தக் கொத்தப் பெருகுகிறதே" என்று அலுத்துக்கொள்ளாத உழவர் இல்லை. கோரையின் கிழங்குகள் மண்ணுக்குள் மணிமாலை போல ஒன்றோடொன்று கோத்திருக்கின்றன. மாலையின் முனையில் உள்ள கிழங்கு துளிர்த்து நிற்கும்வரை மற்றவை பெரும்பாலும் உறங்குகின்றன. மண்வெட்டி அந்த மாலையை அறுத்ததும் உறங்கியவை ஒவ்வொன்றும் தனித்தனியாக விழித்துக்கொள்கின்றன. ஈரம் இருக்கும்போது ஒருமுறை கொத்திவிட்டு நின்றுவிட்டால் அது கோரைக்கு நடவு செய்த மாதிரிதான். கோடையில் ஆழ உழுது, கிழங்குகளை மேலே புரட்டி வெயிலில் காயவிட்டு, மறுபடி துளிர்ப்பவற்றை இலை பெரிதாகுமுன் மீண்டும் உழுவது பயன் தரும். விட்டுவிட்டு உழுவதில் பயன் இல்லை.

கன்றோடு வரும் வினை

இப்போது பெரியவரின் கேள்வியின் இரண்டாம் பாகத்துக்கு வருவோம். அதுவே பெரிய விஷயம்.

கன்று என்பது தாயின் பிள்ளை அல்ல, தாயேதான். தாயின் உடலில் ஒரு பாகம் பிரிந்து வந்து தனியே நிற்கிறது. ஆகையால் தாயின் நல்ல குணங்கள் எல்லாம் மாறாமல் வருகின்றன. தாயின் உடலில் இருந்த நோயும் அப்படியே வருகிறது. விதை பெரும்பாலான வைரஸ் நோய்களை வடிகட்டி நிறுத்திவிடும். கன்றுக்கும், கரணைக்கும், குச்சிக்கும் அப்படி வடிகட்டி கிடையாது.

இதனால் என்ன நேரும் என்பதற்கு விருப்பாட்சி வாழையைவிட வேறு சான்று வேண்டாம். கீழ்ப்பழனி மலைகளிலும் சிறுமலையிலும் காப்பிக்கு நடுவே நிழலாகவும் வருமானமாகவும் நின்ற வாழை அது. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பெயர் வாங்கித் தந்த பழம். 1970-களில் கீழ்ப்பழனி மலைகளில் சுமார் 18,000 எக்டரில் இருந்த மலைவாழை, பிற்காலத்தில் ஏறத்தாழ 2,000 எக்டராகச் சுருங்கியது. முதன்மையான காரணம் முடிக்கொத்து நோய். மலையில் ஒருமுறை நட்ட வாழையைப் பல ஆண்டுகள் மறுதாம்பாகவே விட்டுவைப்பார்கள். புதிய இடத்தில் நட வேண்டுமானால் அடுத்த தோட்டத்திலிருந்தே கன்று எடுப்பார்கள். நோய் எங்கும் ஏறிப் போவதற்கு இதைவிட நல்ல பாதை கிடையாது.

முடிக்கொத்து நோயை இப்படி அறியலாம். இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் கரும்பச்சை நிறத்தில் புள்ளியும் கோடுமாகக் கீற்றுகள் தோன்றும். பின்னர் வரும் இலைகள் குறுகி, விறைத்து, ஓரம் மஞ்சளித்து, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும். இளம் வயதில் பீடிக்கப்பட்ட மரம் தார் தள்ளாது. வாழை அசுவினி என்ற சிறிய பூச்சி, மட்டை இடுக்குகளில் கூட்டமாக இருந்து சாறு உறிஞ்சி, வைரஸை ஒரு மரத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோகிறது. எறும்பு ஏறி இறங்கும் வாழையில் அசுவினி இருக்கிறதா என்று மட்டையை விலக்கிப் பாருங்கள்.

இந்த நோய்க்கு மருந்து இல்லை. நோயுற்ற மரத்தை அகற்றுவதே வழி. ஆனால் அதிலும் முறை உண்டு. மரத்தை முதலில் வெட்டிச் சாய்த்தால் அசுவினி பக்கத்து மரத்துக்குக் குடிபெயர்ந்துவிடும். எனவே முதலில் பூச்சிமருந்து தெளித்து அசுவினியைக் கொன்று, அதன்பின் கிழங்கோடு தோண்டி எடுத்து, துண்டு துண்டாக்கி அழிக்க வேண்டும். கிழங்கின் ஒரு பகுதி மண்ணில் தங்கினாலும் அதிலிருந்து வரும் கன்று நோயோடுதான் வரும். மருந்தும் அளவும் அவ்வப்போது மாறுகின்றன. சில மருந்துகள் தடை செய்யவும் பட்டுள்ளன. எனவே தெளிக்குமுன் உங்கள் பகுதி தோட்டக்கலை அலுவலரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வைரஸ் உடலில் புகுந்த பின் அடையாளம் வெளியே தெரிய மூன்று நான்கு வாரங்கள் ஆகலாம். சில சமயம் அதற்கு மேலும் ஆகும். ஆகவே பார்வைக்குக் குறையில்லாத கன்றாக இருந்தாலும், நோயுள்ள தோட்டத்துக் கன்றை வாங்கவே கூடாது.

திசு வளர்ப்புக் கன்றுகள் இங்கேதான் உதவுகின்றன. குருத்தின் நுனியை எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்துப் பெருக்கும் முறை அது. விருப்பாட்சி வாழையை மலையில் மீண்டும் நிலைநிறுத்த இப்படி வளர்த்த நோயற்ற கன்றுகளையே நம்பினார்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை: திசு வளர்ப்புக் கன்று என்பதாலேயே அது நோயற்றது ஆகிவிடாது. அதுவும் ஒரு கிழங்கின் உடல்பகுதியே. அந்தத் தாய்க்கிழங்கை வைரஸ் சோதனை செய்திருந்தால்தான் கன்றை நம்பலாம். விற்பவரிடம் சோதனைச் சான்றைக் கேட்பது உங்கள் உரிமை. கூச்சப்பட வேண்டாம்.

மரவள்ளியிலும் இதே கதைதான். சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களில் தேமல் நோய் ஓயாமல் வருவதற்கு வெள்ளை ஈ ஒரு காரணம். நாம் நடும் குச்சி மற்றொரு காரணம். அறுவடை நேரத்தில் இலையெல்லாம் உதிர்ந்து நிற்கும் செடியில் தேமல் இருந்ததா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? குவியலிலிருந்து கைக்கு வந்ததை வெட்டி நடுகிறோம். இதற்கு ஒரு வழி சொல்லுகிறோம். செடி தழைத்து நிற்கும்போதே வயலுக்குள் நடந்து, இளம் இலைகளில் மஞ்சள் திட்டும் சுருக்கமும் இல்லாத செடிகளுக்கு மட்டும் ஒரு துணிக்கிழிசலையோ வண்ணக் கயிற்றையோ கட்டி வையுங்கள். அறுவடையில் கயிறு கட்டிய செடியிலிருந்து மட்டும் குச்சி எடுங்கள். நுனியின் இளம்பகுதியையும் அடியின் முற்றிய பகுதியையும் நீக்கி, நடுப்பகுதியில் 15 செ.மீ. நீளமும் எட்டு முதல் பத்துப் பருக்களும் உள்ள கரணைகளாக வெட்டி, பரு மேல்நோக்கி இருக்கும்படி செங்குத்தாக நடவும். தலைகீழாக நட்டாலும் சில துளிர்க்கும். ஆனால் காலம் கடக்கும், கிழங்கும் சரியாக அமையாது.

கரும்பு கற்றுத்தந்த பாடம்

"அப்படியானால் விதையே வேண்டாமா?" என்று கேட்கலாம். கட்டாயம் வேண்டும். கன்றாலும் கரணையாலும் பெருக்கப்படும் தோட்டம் முழுவதும் ஒரே செடிதான். ஒன்றை வீழ்த்தும் நோய் எல்லாவற்றையும் வீழ்த்தும். தென் அமெரிக்க, மத்திய அமெரிக்க நாடுகளில் ஏற்றுமதிக்கென்று குரோஸ் மிச்சேல் என்ற ஒரே வாழை வகையை மைல் கணக்கில் நட்டிருந்தார்கள். வாடல் நோய் பரவியதும் அந்த வகையையே கைவிட நேர்ந்தது. 1960-களுக்குள் கேவண்டிஷ் வகை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

புதிய நோயை எதிர்த்து நிற்கும் புதிய வகை வேண்டுமானால் இரண்டு பெற்றோரின் குணங்கள் கலக்க வேண்டும். அது பூவிலும் விதையிலும்தான் நடக்கும். கரும்புக்கு முளைக்கக்கூடிய விதையே இல்லை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பலர் எண்ணியிருந்தனர். கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிக்கும் தட்பவெப்பம் கோயம்புத்தூரில் இருப்பதைக் கண்டு, 1912-ஆம் ஆண்டு அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. பார்பரும் அவரைத் தொடர்ந்து டி.எஸ். வெங்கடராமனும் நம் ஊர் வெள்ளைக் கரும்பை நாணல் இனக் காட்டுக் கரும்போடு இணைத்தார்கள். கரும்பிலிருந்து இனிப்பும் காட்டுச் செடியிலிருந்து தாங்கும் திறனும் சேர்ந்து கோ 205 பிறந்து, 1918-இல் வட இந்தியாவுக்காக வெளியிடப்பட்டது. இன்று நம் வயல்களில் பரவலாக உள்ள கோ 86032 வரை வந்த 'கோ' ரகங்கள் யாவும் அந்த வழியில் வந்தவை.

ஆராய்ச்சி நிலையத்தில் விதையாகப் பிறந்தது, உங்கள் வயலில் கரணையாகப் பெருகுகிறது. எக்டருக்கு 75,000 இருபருக் கரணைகள் நடுகிறீர்கள். அவற்றை வெட்டும்போது வெட்டுவாயைப் பார்க்கத் தவறாதீர்கள். உள்ளே சிவந்து, குறுக்கே வெள்ளைத் திட்டுகள் தெரிந்து, புளித்த வாடை வந்தால் அது செவ்வழுகல். அந்தக் கரும்பை மட்டுமல்ல, அந்த வயலையே விதைக்கு ஒதுக்கிவிடுங்கள். விதைக்கென்று தனியாக வளர்த்த ஆறு ஏழு மாதக் கரும்பே கரணைக்கு நல்லது. வெல்லம் காய்ச்ச முற்றிய கரும்பில் அடிப்பருக்கள் முளைப்பில் பிந்தும்.

எதில் விதை எடுக்கலாம்?

விதையால் பெருகும் பயிர்களில், எடுத்து வைக்கும் விதையை எவ்வளவு நம்பலாம் என்பது பூவைப் பொறுத்தது. நெல்லில் பூ திறக்கும் நேரத்திலேயே தன் மகரந்தம் தன் சூல்முடியில் விழுந்துவிடுகிறது. அயல் மகரந்தம் சேர்வது சொற்பம். எனவே ரக நெல்லில் கலப்பு நீக்கி நீங்களே விதை எடுத்துக்கொள்ளலாம். கம்பில் சூல்முடி முதலில் வெளிவந்து, மகரந்தம் பின்னால் வருகிறது. அதாவது அயலாரின் மகரந்தத்துக்காகக் காத்திருக்கிறது. பக்கத்து வயலில் என்ன விதைத்திருக்கிறார்களோ அது உங்கள் விதையில் கலந்துவிடும். பருத்தியும் துவரையும் நடுத்தரம். தேனீ நடமாட்டத்தைப் பொறுத்துக் கலப்பு கூடும், குறையும். மக்காச்சோளமானாலும் தக்காளியானாலும், வீரிய ஒட்டு விதையில் வந்த விளைச்சலிலிருந்து மறுபடி விதை எடுத்தால் செடிகள் நெட்டையும் குட்டையுமாகப் பிரிந்துவிடும். அது விதைக் கம்பெனியின் சூழ்ச்சி அல்ல, இயற்கையின் பங்கீடு.

தென்னையில் பக்கக் கன்று இல்லை, தேங்காய்தான் வழி. நெட்டை மரத்தில் ஒரு பாளையின் ஆண்பூக்கள் உதிர்ந்து முடிந்தபின்தான் பெண்பூக்கள் பக்குவப்படுகின்றன. ஆகவே நீங்கள் தாய்மரத்தைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். தந்தை யார் என்பது காற்றுக்கும் தேனீக்கும்தான் வெளிச்சம். நல்ல மரங்கள் கூட்டமாக உள்ள தோப்பின் நடுவிலிருந்து விதைக்காய் எடுக்கச் சொல்வது இதனால்தான். முருங்கையிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். பல்லாண்டு வகைகளை ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் போத்து வெட்டி நடுவதால் தாயின் காய் மாறாது. 1989-இல் பெரியகுளத்திலிருந்து வெளிவந்த பி.கே.எம். 1 விதையால் வருவது. சுற்றிலும் வேறு முருங்கை இருந்தால் நீங்கள் எடுக்கும் விதையில் ரகம் கலங்கும்.

பப்பாளியில் கோ 2 போன்ற வகைகளில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. பூக்கும்வரை அடையாளம் தெரியாது. நீண்ட காம்பில் கொத்தாகத் தொங்கினால் ஆண். தண்டை ஒட்டிப் பெரிய பூவாக இருந்தால் பெண். காய்க்காத மரம் எதற்கு என்று ஆண்மரம் அனைத்தையும் வெட்டிவிட்டு, பிஞ்சு உதிர்வதாக வந்து முறையிட்டவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். இருபது பெண்மரத்துக்கு ஓர் ஆண்மரமாவது தோட்டத்தில் பரவலாக நிற்கட்டும். கோ 3, கோ 7 வகைகளில் இருபால் பூ மரங்கள் இருப்பதால் இந்தக் கவலை இல்லை.

கொடிக்காய்களில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் தனித்தனியே பூக்கின்றன. பூசணியும் பாகலும் விடியலில் பூக்கும். பீர்க்கும் சுரையும் புடலும் மாலையிலிருந்து இரவுக்குள் பூக்கும். பூ விரிந்து தேனீயும் பூச்சியும் வரும் நேரத்தில் மருந்து தெளித்தால் உங்கள் காயை நீங்களே உதிர்த்துக்கொள்கிறீர்கள். பூசணிக்கு மாலையிலும், பீர்க்குக்குக் காலையிலும் தெளிப்பது பாதுகாப்பு.

வாழைக்கன்று எடுக்கும் முறை

அந்தப் பெரியவர் கடைசியாக, "சரி, கன்றுதான் வழி என்றால் எப்படி வாங்குவது?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னது இது.

கன்று வேண்டும் என்ற நாளில் போகாதீர்கள். தார் மரத்தில் நிற்கும்போதே அந்தத் தோட்டத்துக்குப் போங்கள். தாரையும் சீப்பையும் கண்ணால் பார்த்து, முடிக்கொத்தும் வாடலும் தோட்டத்தில் எங்குமே இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பிடித்த மரங்களுக்குச் சுண்ணாம்பு அடையாளம் போட்டுவிட்டு, முன்பணம் கொடுத்துவிட்டு வாருங்கள். ரஸ்தாளி, மொந்தன், விருப்பாட்சி போன்றவற்றை வாடல் நோய் எளிதில் தாக்கும் என்பதால் அவற்றில் இன்னும் கவனம் தேவை. அடிமட்டை மஞ்சளித்து ஒடிந்து தொங்கும் மரமோ, பொய்த்தண்டு அடியில் பிளந்த மரமோ இருந்தால் திரும்பிவிடுங்கள். கன்று பெயர்த்ததும் வேர்களையும் அழுகிய பகுதிகளையும் செதுக்கி, கிழங்கின்மேல் 20 செ.மீ. விட்டுப் பொய்த்தண்டை வெட்டிவிடுங்கள். செதுக்கிய கிழங்கு வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும். பழுப்புக் கோடோ, செம்புள்ளியோ, வண்டு துளைத்த வழியோ தெரிந்தால் அந்தக் கன்றை வண்டியில் ஏற்றாதீர்கள். செதுக்கிய கழிவையும் வீட்டுக்குக் கொண்டுவராமல் அங்கேயே எரித்துவிட்டு வாருங்கள்.